அயல்நாட்டில் உழைப்பவருக்கு ஓய்வூதியம்: வரிச் சலுகை யாருக்கு?

புது தில்லி: பொது வருங்கால வைப்பு நிதியில் (பி.பி.எஃப்.) கணக்கு வைத்திருப்பவர் வேலைக்காக அயல்நாடு சென்றால் அக்கணக்கு என்னவாகும்? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு மத்திய நிதியமைச்சகம் சில ஆண்டுகளுக்குள் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளது.

வெளிநாடுவாழ் இந்தியர் புதிதாக பி.பி.எஃப். கணக்குத் தொடங்க முடியாது. தாயகத்தில் இருந்தபோது தொடங்கிய கணக்கை 15 ஆண்டு முதிர்வுக்காலம் வரை தொடரலாம் என்பதே நெடுநாளைய நடைமுறை. ஆனால், 2017 அக்டோபரில் அரசிதழில் வெளியான திருத்தம், ஒருவர் வெளிநாடுவாழ் இந்தியராகும் நாளிலேயே கணக்கு முடிந்ததாகக் கருதப்படும் என்றது. அன்று முதல் அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குரிய 4 சதவீத வட்டி மட்டுமே கிடைக்கும். அப்போது பி.பி.எஃப். வட்டி 7.8 சதவீதம். எதிர்ப்பு எழவே, 2018 பிப்ரவரியில் அத்திருத்தம் நிறுத்தி வைக்கப்பட்டது.

குழப்பம் அத்துடன் ஓயவில்லை. முதிர்வுக்குப் பிறகு கணக்கை நீட்டிக்கும் பழைய படிவம், விண்ணப்பதாரர் எந்நாட்டில் வசிக்கிறார் என்று கேட்கவே இல்லை. கேட்காததால் சொல்லாதவர்களின் கணக்குகளுக்கு 2024 செப்டம்பர் 30 வரை அஞ்சலகச் சேமிப்பு வட்டியும், அதன்பின் வட்டியே இல்லை எனவும் 2024-இல் நெறிமுறை வெளியானது. படிவத்தின் குறைக்குச் சேமித்தவர் தண்டம் செலுத்துவது விந்தைதான்.

மாற்று வழி, தேசிய ஓய்வூதியத் திட்டம். 2015-இல் ரிசர்வ் வங்கி அனுமதித்த பின் வெளிநாடுவாழ் இந்தியர்கள் இதில் தடையின்றி முதலீடு செய்யலாம். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரம்புக்குள் கழிவு உண்டு. அதற்கு மேல் 50 ஆயிரம் ரூபாய்க்கும் கழிவு உண்டு.

இங்கேதான் சிக்கலின் வேர் இருக்கிறது. வரிச் சலுகை, வரி செலுத்துபவருக்கே பயன்படும். வளைகுடாவில் கட்டுமானப் பணியிலோ வீட்டு வேலையிலோ இருப்பவர் அங்கு ஈட்டும் ஊதியத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. இங்கு வாடகை வருமானமும் வைப்புத்தொகை வட்டியும் உள்ளவருக்குக் கிடைக்கும் கழிவு, அவருக்கு வெறும் காகிதம். ஜெர்மனி, பிரான்ஸ், பெல்ஜியம் போன்ற நாடுகளுடன் இந்தியா சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துள்ளது. வளைகுடா நாடுகளுடன் அப்படியொன்று இல்லை. பணிமுடிவில் கிடைக்கும் பணிக்கொடையுடன் அவர் ஊர் திரும்புகிறார்.

இதை உணர்ந்து வகுக்கப்பட்டதே மகாத்மா காந்தி பிரவாசி சுரக்ஷா திட்டம். வயலார் ரவி அமைச்சராக இருந்தபோது, வெளிநாடுவாழ் இந்தியர் விவகார அமைச்சகம் 2012-இல் இதைக் கொண்டுவந்தது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தொழிலாளர், ஆண்டுக்கு ஆயிரம் முதல் 12 ஆயிரம் ரூபாய் வரை ஓய்வூதியத்துக்காகச் சேமித்தால், அரசு தன் பங்காக ஆயிரம் ரூபாய் செலுத்தும். பெண்களுக்கு மேலும் ஆயிரம். நாடு திரும்பி மறுவாழ்வு தொடங்கச் சேமிப்போருக்கு 900 ரூபாய். தொகை சிறிது. எனினும், வரி செலுத்தாதவருக்கும் எட்டிய உதவி அது.

2016 ஜனவரியில் அந்த அமைச்சகமே வெளியுறவு அமைச்சகத்துடன் இணைக்கப்பட்டது. 2017-இல் திட்டமும் முடிவுக்கு வந்தது. சந்தாதாரர்கள் போதிய அளவில் சேரவில்லை என்பது அரசு கூறிய காரணம். பாலைவன முகாமில் இருப்பவரிடம் விண்ணப்பத்தைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்வி அதனுள் புதைந்து போயிற்று.

இத்தொழிலாளர்களுக்கு இப்போது கட்டாயமாக இருப்பது பிரவாசி பாரதிய பீமா காப்பீடு. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். ஓய்வூதியத்துக்கென அதில் பகுதி ஏதும் இல்லை.