சங்கிலியில் கட்டிய நாய் ஓயாமல் குரைப்பது ஏன்?

திருவனந்தபுரத்தில் இருந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில், 22 கொண்டை ஊசி வளைவுகளுக்கு முன்பாக வனத்தை ஒட்டி அமைந்துள்ளது கல்லாறு. இத்தகைய ஊர்களில் இரவு நேரக் குரைப்பு தொல்லை மட்டுமல்ல, எச்சரிக்கையும் கூட. மனிதச் செவி சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே உணரும். நாய்க்குச் சுமார் 45,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். எனவே, 'காரணமின்றிக் குரைக்கிறது' என எளிதில் முடிவு செய்ய இயலாது.

ஆனால், மணிக்கணக்கில் குரைத்தால் சங்கிலியைக் கவனிக்க வேண்டும். கட்டப்பட்ட நாயால் ஒலி வந்த இடத்துக்குச் செல்லவோ, அங்கிருந்து விலகவோ முடியாது. குரைப்பது மட்டுமே எஞ்சுகிறது. தனிமையும் சலிப்பும் அதை மேலும் அதிகரிக்கின்றன. வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி அளிக்காததை, 1960-ஆம் ஆண்டு மிருகவதை தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு கொடுமையாகவே வகைப்படுத்துகிறது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான் என்பது வேறு விஷயம்.

அதட்டுவதால் பயனில்லை, அதையும் தனக்குக் கிடைத்த கவனிப்பாகவே நாய் கருதக்கூடும். காலை, மாலை நடைப்பயிற்சி அவசியம். குரைப்பதை நிறுத்திய சில விநாடிகளுக்குள் தின்பண்டம் அளித்து, அமைதியாக இருக்கும் நேரத்தைப் படிப்படியாக நீட்டிக்கலாம். கவனத்தை ஈர்ப்பதற்காகக் குரைக்கும் நாயைப் பொருட்படுத்தாமல் விட்டால், முதல் சில நாள்கள் சத்தம் அதிகரிக்கும். அப்போது மனமிரங்கினால், நீண்ட நேரம் குரைத்தால் பலன் உண்டு என்றே அது கற்றுக்கொள்ளும்.

வயதான நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்கினால் வலியோ, செவித்திறன் குறைபாடோ இருக்கலாம்; கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குரலே மாறி, உமிழ்நீரும் வடிந்தால் அது ரேபிஸ் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால், அருகில் செல்லாமல் உடனடியாக அவரை அழைக்க வேண்டும்.