சாமான் அறைக்கும் ஒரு பட்டியல்

அஞ்சற் பிரிவிலே கொழும்பு 2 எனக் குறிக்கப்படும் கொம்பனித்தெரு, பேர வாவியின் கரையில் அமைந்த பழைய குடியிருப்பாகும். ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் அவர்தம் கிழக்கிந்தியக் கொம்பனியின் அடிமைகள் இரவுதோறும் இவ்விடத்தே அடைத்து வைக்கப்பட்டனர். ஊர்ப்பெயரில் உள்ள 'கொம்பனி' அவ்வரலாற்றின் எச்சமே என்பர். இன்று அங்கே மலாயரும் சோனகரும் தமிழரும் சிங்களவரும் அடுத்தடுத்த வாசல்களில் வாழ்கின்றனர். வானளாவும் புதிய மாளிகைகளின் நிழலிலே பழைய ஓட்டு வீடுகள் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. இடம் சுருங்கிய இவ்வீடுகளில் ஒரு விந்தை உண்டு. மனிதர் படுத்துறங்க இடம் போதாதெனினும், சாமான் வைப்பதற்கு ஓரிடம் எவ்வாறேனும் ஒதுக்கப்பட்டுவிடும். மாடிப்படியின் கீழுள்ள இருட்டு மூலை, பின்வாசலை அடுத்த தகரக் கொட்டகை, முன்னறைக்கு மேலுள்ள பரண், ஒரு காலத்தில் மோட்டார் வண்டி நின்று இப்போது முச்சக்கரவண்டிக்கும் துவிச்சக்கரவண்டிக்கும் தங்குமிடமாகிவிட்ட கராஜ் ஆகிய இவற்றுள் ஒன்றேனும் இல்லாத வீடு அரிது.

அக்கதவைத் திறவாமலே, உள்ளே என்ன இருக்கிறதென்று வீட்டுக்காரரைக் கேட்டால், "பழைய சாமான்தான், வேறென்ன" என்பார். கதவைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தால் கதை வேறு. பாட்டியார் காலத்துத் தையல் இயந்திரம், திருமணத்துக்கு வந்து இன்னும் பெட்டி பிரிக்கப்படாத பாத்திரத் தொகுதி, பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு, நீரிறைக்கும் பம்பி, துளையிடும் மின்கருவி, ஏணி, மேசை விசிறி, பிள்ளைகளின் பழைய கட்டில், றங்குப் பெட்டி நிறையப் பட்டுச் சேலைகள். ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு தொகைதான். கூட்டிப் பார்க்கும்போதுதான் வரவேற்பறையில் பகட்டாக நிற்கும் தளபாடங்களின் விலையை அது எட்டிவிடுவது தெரியும். ஆயினும் காப்புறுதிப் பத்திரம் எடுக்கும் வேளையில் வரவேற்பறையும் படுக்கையறையும் சமையலறையும் கணக்கில் வருகின்றன. சாமான் அறையை எவரும் நினைப்பதில்லை. நினைவில் இல்லாத பொருளுக்கு நட்டஈடு கோருவது எங்ஙனம்?

காப்புறுதி என்பது தருமம் அன்று, ஓர் ஒப்பந்தம். இழந்த பொருள் தம்மிடம் இருந்தது என்பதையும், அதன் பெறுமதி இவ்வளவு என்பதையும் காட்டவேண்டிய பொறுப்பு கோருபவரைச் சார்ந்தது. தீ அணைந்து, வீடு கரியும் ஈரமுமாகக் கிடக்கும் நாளில் மதிப்பீட்டாளர் வந்து, "உள்ளே என்னென்ன இருந்தன?" என்று கேட்பார். அவ்வேளையில் மனம் கலங்கிய ஒருவருக்குப் பத்துப் பொருள்கள் நினைவுக்கு வரும். பதினோராவது பொருள் ஆறு மாதம் கழித்து, அது தேவைப்படும் நாளில்தான் நினைவுக்கு வரும். அதற்குள் கோரிக்கைக் கணக்கே முடிந்திருக்கும்.

கொழும்புத் தமிழருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1983ஆம் ஆண்டு யூலை 24ஆம் திகதி இரவு பொரளையில் மூண்ட வன்செயல் மறுநாள் வெள்ளவத்தை முதலிய பகுதிகளுக்குப் பரவியது. வீடுகளும் கடைகளும் எரிந்தன. உடுத்த உடையுடன் அகதி முகாம் சேர்ந்தோர் ஆயிரக்கணக்கானோர். தாக்க வந்தோரின் கைகளில் வாக்காளர் இடாப்பின் பிரதிகள் இருந்தன என்று அக்காலத்தில் பலரும் கூறினர். எரிக்க வந்தவனிடம் பட்டியல் இருந்தது. எரிந்த வீட்டாரிடம் தம் உடைமைகளின் பட்டியல் இல்லை. இருந்த சிலருக்கும் அது அலுமாரி லாச்சியிலே கிடந்து வீட்டோடு சாம்பலாயிற்று. பாதிக்கப்பட்ட ஆதனங்களையும் கைத்தொழில்களையும் புனரமைக்க அரசு ஓர் அதிகாரசபையை அமைத்தது. 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதன் பணியை ஆட்களின் புனர்வாழ்வுக்கும் விரித்தது. எந்த அலுவலகத்தின் படிவமாயினும் கேள்வி ஒன்றே: என்ன இருந்தது, அதன் பெறுமதி என்ன?

இவ்விடத்தே இன்னொரு நுட்பத்தையும் அறிதல் வேண்டும். சாதாரணத் தீக்காப்புறுதிப் பத்திரம் தீ என்ற பெயர் கொண்ட எல்லாத் தீயையும் ஏற்பதில்லை. கலகத்தில் மூட்டப்பட்ட தீக்கு, வேலைநிறுத்தம், கலகம், குழப்பம், பயங்கரவாதம் என்பவற்றுக்கான மேலதிகக் காப்பும் பத்திரத்தில் சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். இவ்வகைக் காப்புக்கென அரசு தனி நிதியம் ஒன்றை ஏற்படுத்தியது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்தின் கீழ் அது பின்னர் வந்தது. வெள்ளமும் அவ்வாறே. பத்திரத்தில் வெள்ளம் என்ற சொல் உண்டா என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும், பார்த்தவர்தாம் சிலர்.

வெள்ளம் பற்றிச் சொல்லும்போது, சாமான் அறை பெரும்பாலும் வீட்டின் மிகத் தாழ்ந்த தரையிலே இருப்பதை மறத்தலாகாது. 2010ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில், கொழும்பில் ஒரு நாளுக்குள் 400 மில்லிமீற்றருக்கும் மேற்பட்ட மழை பதிவாயிற்று. பாராளுமன்ற வளாகத்தையே நீர் சூழ்ந்தது. வாவிக்கரையில் வாழ்வோர்க்கு இது எச்சரிக்கை. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி அரசின் இயற்கை அனர்த்தக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சேதமுற்ற ஆதனத்துக்கு 25 இலட்சம் ரூபா வரை வழங்க அதில் ஏற்பாடு இருந்தது. இரு மாதம் நிறையுமுன்பே, மே மாதத்தில், களனி கங்கை பெருகிக் கொலன்னாவைப் பகுதி நீரில் மூழ்கிற்று. உச்ச வரம்பு 25 இலட்சம் என்பதால் ஒவ்வொரு வீட்டுக்கும் 25 இலட்சம் வரும் என்று எண்ணியோர் உண்டு. வரம்பு வேறு, இழப்பு வேறு.

இனிப் பட்டியல் தயாரிக்கும் முறை. ஒருவர் தனியே செய்வதைவிட இருவர் சேர்ந்து செய்வது நன்று. ஒருவர் பொருளை எடுத்துப் பெயர் சொல்ல, மற்றவர் எழுதலாம். பாடசாலை செல்லும் பிள்ளையிடம் எழுதும் வேலையைக் கொடுத்தால் அப்பிள்ளைக்குக் கணக்கும் வரும், வீட்டின் வரலாறும் தெரியும். கதவின் வலப்புறச் சுவரில் தொடங்கி, மேலிருந்து கீழாகப் பார்த்துச் சுற்றி வந்து, கதவின் இடப்புறத்தில் முடிக்கலாம். மூடிய பெட்டி எதனையும் "உள்ளே பாத்திரம்" என்று எழுதிவிட்டுக் கடத்தல் கூடாது; திறந்தே பார்க்க வேண்டும். 'பாத்திரம் - 1 பெட்டி' என்ற குறிப்புக்கு மதிப்பீட்டாளர் என்ன பெறுமதி போடுவார்? 'பித்தளைக் கிடாரம் 2, உருக்குத் தட்டு 24, பீங்கான் கோப்பை 12' என்று எழுதியிருந்தால் அதற்கு மறுப்பில்லை.

ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, செய்த கம்பெனியின் பெயரும் இயந்திரமாயின் அதன் தொடரிலக்கமும், வாங்கிய ஆண்டும் இடமும், அன்றைய விலையும், அதையே இன்று வாங்கினால் ஆகும் விலையும் குறிக்கப்படல் வேண்டும். பற்றுச்சீட்டு இருந்தால் அதைப் பட்டியலோடு இணைத்துவிடலாம். இக்காலக் கடைகள் தரும் வழுவழுப்பான சீட்டுகளின் எழுத்து நாளடைவில் மங்கிப்போய்விடும் என்பதால் அவற்றைப் படம் பிடித்தோ பிரதி எடுத்தோ வைத்தல் அவசியம். கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. அறையின் நான்கு மூலைகளிலிருந்தும் நான்கு படம், இயந்திரங்களின் இலக்கத் தகட்டுக்குக் கிட்டப் போய் ஒவ்வொரு படம். அரை நாள் வேலை இவ்வளவே.

இன்றைய விலையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண், முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்தது. இறக்குமதியான பம்பியும் துளைப்பானும் விசிறியும் இரட்டை விலையாயின. பத்திரத்தில் எழுதிய தொகையோ அசையாது நின்றது. இதனால் வரும் தீங்கு பலருக்கும் தெரியாது. ஒரு வீட்டுச் சாமான்களின் உண்மைப் பெறுமதி 30 இலட்சம் என்றும், பத்திரத்தில் உள்ள தொகை 15 இலட்சம் என்றும் கொள்ளலாம். சாமான் அறையில் மட்டும் தீப்பற்றி 4 இலட்ச ரூபா நட்டம் நேர்கிறது. 15 இலட்சத்துக்குக் காப்புறுதி இருக்கும்போது 4 இலட்சம் முழுவதும் கிடைக்கும் என்றே வீட்டார் எண்ணுவர். விகிதாசார விதி உள்ள பத்திரமாயின் கிடைப்பது 2 இலட்சமே. பாதிப் பெறுமதிக்குக் காப்புறுதி செய்தவர், மீதிப் பாதிக்குத் தாமே பொறுப்பேற்றவர் ஆகிறார் என்பது அவ்விதியின் கருத்து. அந்த 2 இலட்சத்திலும் பழசானதற்கும் தேய்ந்ததற்கும் கழிவு போகக்கூடும். சாமான் அறையைக் கணக்கில் விட்டதன் பலன், சாமான் அறைக்கு மட்டும் வருவதன்று. வீடு முழுவதற்குமான நட்டஈட்டையும் அது குறைத்துவிடும்.

கொம்பனித்தெருவிலே வீடும் தொழிலும் ஒரே கூரையின் கீழ் நடப்பது சாதாரணம். திருமண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவரின் கிடாரங்களும் சகன் தட்டுகளும் அவரது கொட்டகையிலே அடுக்கப்பட்டிருக்கும். தையல் தொழில் செய்யும் அம்மையாரின் பரணில் வாடிக்கையாளரின் துணிகள் இருக்கும். முச்சக்கரவண்டி ஓட்டுபவர் உதிரிப்பாகங்களை வாங்கி வைத்திருப்பார். இவை பொதுவாக வீட்டுச் சாமான் என்ற வகையுள் அடங்கா; தொழிற் பொருளுக்குத் தனிக் காப்பு வேண்டும். கராஜில் நிற்கும் வண்டியும் மோட்டார்க் காப்புறுதியைச் சேர்ந்தது. ஆகவே தொழிற் பொருளையும் வீட்டுப் பொருளையும் இரு தாள்களில் எழுதுவதே முறை. கலந்து எழுதிய பட்டியல் இல்லாத பட்டியலினும் கெடுதி என்று சொல்லத் தோன்றும்.

பிறர் பொருளும் அவ்வாறே. கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போன மருமகன், "அடுத்த வருடம் வந்து எடுப்பேன், மாமி" என்று விட்டுச் சென்ற பெட்டி பத்து ஆண்டாக மாடிப்படியின் கீழ் இருக்கும். காப்புறுதி, பத்திரம் எடுத்தவருக்கும் அவருடன் வசிக்கும் குடும்பத்தாருக்கும் உரிய பொருளையே வழக்கமாகக் கருதும். அப்பெட்டியைச் சேர்க்க விரும்பினால் முன்கூட்டியே எழுத்தில் அறிவித்து உடன்பாடு பெறல் வேண்டும். தனித்து நிற்கும் கொட்டகையையும் பத்திரத்தில் பெயர் சொல்லிக் குறிப்பித்தல் நல்லது. திருட்டுக் காப்போ, பூட்டை உடைத்துப் புகுந்த தடயத்தைப் பெரும்பாலும் கேட்கும். கயிற்றால் கட்டிய தகரக் கதவு அதற்குப் போதாது. வாடகை வீட்டார் தமக்கு இவை பொருந்தா என எண்ண வேண்டியதில்லை. கட்டடம் உரிமையாளருடையது; உள்ளே உள்ள சாமானுக்கு வாடகைக்காரரே தம் பெயரில் பத்திரம் எடுக்கலாம்.

2022ஆம் ஆண்டின் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பலர் பெற்றோலைக் கலன்களில் நிரப்பி இவ்வறைகளிலேயே மறைத்து வைத்தனர். பெயின்ற், தின்னர், எரிவாயு உருளை என்பனவும் அங்கேதான் சேரும். இவற்றை மறைத்தவருடைய கோரிக்கை தள்ளப்படக்கூடும். பட்டியல் எழுதும் நாளிலே அவற்றை அப்புறப்படுத்திவிட்டால் எழுதவேண்டிய தேவையே இல்லாது போகும்.

இழப்பு நேர்ந்தபின், காப்புறுதி நிறுவனத்துக்கு உடனே அறிவித்து, திருட்டோ தீயோ ஆயின் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு பதிந்து, நனைந்தவற்றையும் கருகியவற்றையும் மதிப்பீட்டாளர் பார்க்குமுன் எறியாது வைத்திருத்தல் வேண்டும். வீட்டைத் துப்புரவாக்கும் அவசரத்தில் சாட்சியைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவோர் பலர்.

பட்டியலை எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. உண்மையில் முதற் கேள்வியும் அதுவே. ஒரு பிரதி வீட்டில் இருக்கலாம். மற்றொன்று வேறொரு ஊரில் இருத்தல் வேண்டும். மட்டக்களப்பிலுள்ள தமக்கையிடமோ கண்டியிலுள்ள சிநேகிதரிடமோ உறையிலிட்டுக் கொடுத்துவைக்கலாம். படங்களைக் கைத்தொலைபேசி வழியாக வெளிநாட்டிலுள்ள மகளுக்கு அனுப்பிவைத்தால் அது மூன்றாம் பிரதி. ஆண்டுக்கொரு முறை, தைப்பொங்கலுக்கோ நோன்புப் பெருநாளுக்கோ வீடு கழுவும் நாளில், சாமான்கள் எப்படியும் முற்றத்துக்கு வரும். அன்றே பழைய தாளை எடுத்து, போனதை அடித்து, வந்ததைச் சேர்த்து, விலையைத் திருத்தி, திகதியிட்டுக் கையொப்பம் வைத்து, வெளியூர்ப் பிரதியையும் மாற்றி அனுப்பிவிடலாம்.