உங்களுக்குத் தெரியுமா? மூன்று சுருட்டில் இருக்கிறது சூட்சுமம்

ஆற்றுச் சவாரிக்கு ஒகேனக்கல் பரிசலையோ ரிஷிகேஷ் ராஃப்டிங்கையோ தேடிப் போகிறோம். பரிசலின் மூங்கில் கூட்டுக்கு அன்று தோல், இன்று பிளாஸ்டிக் தாளும் தாரும். எப்படியும் காலடியில் தண்ணீர் சேரும். சாதாரண ஜிப் பையை நம்பவே வேண்டாம். மாத்திரை, செல்போன், மாற்றுத்துணி எல்லாம் நீர் புகாத டிரை பேக்கில் போகட்டும். அதன் வாயை மூன்று முறையாவது இறுகச் சுருட்டிக் கொக்கி மாட்டுங்கள். உள்ளே கொஞ்சம் காற்று இருந்தால், தவறி விழுந்தாலும் மிதக்கும். வாங்கிய அன்றே காற்றோடு மூடி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். தையலோரம் குமிழி கிளம்பினால் அந்தப் பை ஆற்றுக்கு ஆகாது.