மழை எழுதும் கணக்கு

மழையைப் போற்றாத தமிழ்ப் புலவர் இல்லை எனலாம். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். இளங்கோவடிகள் திங்களோடும் ஞாயிற்றோடும் மழையையும் வாழ்த்தியே காப்பியத்தைத் தொடங்கினார். வானத்து நீர் தூயது என்பதில் நம் முன்னோருக்கு ஐயமே எழுந்ததில்லை. ஆயினும் நிலத்தைத் தொட்டபின் அந்நீர் என்னவாகிறது என்பதைப் பாடியவர் மிகச் சிலர். கூரையிலிருந்து முற்றத்துக்கும், முற்றத்திலிருந்து தெருவுக்கும், தெருவிலிருந்து வடிகானுக்கும் இறங்கும் நீர், வழியில் அகப்பட்டதையெல்லாம் வாரிக்கொண்டே செல்கிறது. ஊர் கழுவப்படுகிறது, மகிழ்ச்சியே. கழுவிய நீர் எங்கே போய்ச் சேருகிறது? அதைக் கண்டறிந்து சீர்செய்ய வெளியூர் நிபுணரை அமர்த்தலாமா? அமர்த்துவதாயின் அவரிடம் எதைக் கேட்டுப் பெறவேண்டும்? இவற்றை இறக்கக்கண்டியில் நின்று சிந்திக்க விரும்புகிறேன்.

திருகோணமலையிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் வீதியில் உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி ஆகிய ஊர்களைக் கடந்தால் இறக்கக்கண்டி வரும். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. இரண்டும் கூடும் வாயின்மேல் பாலம். ஊரின் பெயரிலேயே இறக்கம் ஒலிக்கிறது; நிலமும் அவ்வாறே நீரை இறக்கிவிடும் நிலம். மாரிகாலத்தில் அப்பாலத்தின்மேல் நின்று நான் பலமுறை கண்டிருக்கிறேன்: கடலின் நீலத்துள் செம்பழுப்பு நிற நாவொன்று நீண்டு செல்லும். மண்ணின் நிறம் கண்ணுக்குத் தெரியும். அதனோடு கலந்து செல்லும் வயல் உரமும், மலக்குழிக் கசிவும், வீதியில் சிந்திய எண்ணெயும் கண்ணுக்குத் தெரியா. களப்பில் இறாலும் நண்டும் பிடிப்போரின் பிழைப்பு அந்நீரில் இருக்கிறது. நிலாவெளிக் கரைக்கு எதிரே, 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவின் பவளப்பாறைகளும் அக்கடலிலேயே உயிர்வாழ்கின்றன. பவளத்துக்குத் தெளிந்த நீர் வேண்டும். சேறு படிந்தால் அது மூச்சடைத்து மடியும்.

தொழிற்சாலைக் கழிவுக்கும் மழைநீர் மாசுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் உணர்தல் வேண்டும். தொழிற்சாலைக்குக் குழாய் உண்டு; குழாய்க்கு உரிமையாளர் உண்டு. இலங்கையில் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டமும், அதன்கீழ் அமைந்த மத்திய சுற்றாடல் அதிகாரசபையும், அத்தகைய உரிமையாளரிடம் அனுமதிப்பத்திரம் கேட்கின்றன; கழிவுநீரை அளந்து பார்க்கின்றன. ஒரு தெருவிடம் யார் அனுமதிப்பத்திரம் கேட்பது? ஆயிரம் முற்றங்களிலிருந்து துளித்துளியாக வந்து சேரும் மாசுக்கு உரிமையாளர் யார்? எல்லோருடையதும் ஒருவருடையதும் அல்லாததாகி, அது நழுவிவிடுகிறது.

இந்தச் சிக்கலை அமெரிக்க ஐக்கிய நாடு சட்டத்தால் பிடிக்க முயன்றது. அங்கு 1972இல் இயற்றப்பட்ட தூயநீர்ச் சட்டம் பெரும்பாலும் குழாய்களையே கண்டித்தது. 1987இல் அதைத் திருத்தி, மழைநீர் வடிகானுக்கும் நகரசபையே பொறுப்பு என்றாக்கினர். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுள்ள நகரங்களுக்கு 1990இலும், சிறு நகரங்களுக்கு 1999இலும் விதிகள் வந்தன. சிறு நகரங்கள் ஆறு கடமைகளை ஏற்கவேண்டியதாயிற்று: மக்களுக்கு அறிவூட்டுதல், அவர்களைப் பணியில் சேர்த்துக்கொள்ளுதல், வடிகானில் களவாகக் கலக்கும் கழிவைக் கண்டுபிடித்தல், கட்டட வேலைத்தலங்களின் மண் அரிப்பைத் தடுத்தல், கட்டி முடித்தபின் வழியும் நீரை நெறிப்படுத்தல், நகரசபையின் சொந்த வேலைத்தலங்களைத் தூய்மையாக வைத்திருத்தல்.

கடமைகள் ஆறும் நியாயமானவையே. அவற்றை நிறைவேற்றும் ஆள்பலம் சிறு நகரசபைகளிடம் இல்லை. வடிகான்களின் வரைபடம் வேண்டும். நீரைச் சோதிக்கும் இரசாயனவியலாளர் வேண்டும். ஆண்டறிக்கை எழுத வல்லவர் வேண்டும். நிலையான ஊழியரை நியமிப்பதினும் ஆலோசனை நிறுவனமொன்றை ஒப்பந்தத்தில் அமர்த்துவது எளிதெனப் பல சபைகள் கண்டன. இதில் தவறில்லை. வீட்டுக்கு வைத்தியரை அழைப்பது இழிவாகுமா? வைத்தியர் போனபின் பத்தியம் காப்பவர் யார் என்பதே நாம் எண்ணவேண்டியது.

நம் நாட்டுக்கு வெளியூர் நிபுணர் புதியவரல்லர். ஸ்கொத்லாந்தில் பிறந்த உயிரியல் அறிஞர் பற்றிக் கெடிஸ், சென்னை ஆளுநர் பென்ற்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று இந்தியாவுக்கு வந்தார். அவருடைய நகரக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை 1914இல் எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் மூழ்கடித்துவிட்டது. அவர் மனந்தளராது புதிய வரைபடங்களைத் திரட்டி, 1915இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். சென்னை மாகாணத்து ஊர்கள் பலவற்றைப் பார்த்து அறிக்கை எழுதினார். 1921இல் கொழும்புக்கும் ஓர் அறிக்கை அளித்தார். அவர் வழக்கம் யாதெனில், தெருத்தெருவாக நடந்து, குளத்தையும் கிணற்றையும் பார்த்து, நோயை அறிந்தபின்னரே மருந்து சொல்வது. அவரும் அந்நியரே. ஆயினும் ஊரைப் படித்த அந்நியர்.

அண்மைக் காலத்தில் முறை மாறிவிட்டது. 2010இன் வெள்ளங்களுக்குப் பின், கொழும்பின் வடிகாலமைப்பைச் சீர்செய்ய 2012இல் உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடனளித்தது. பிந்திய ஆண்டுகளில் திருகோணமலைப் பகுதிக்குப் பெருந்திட்டம் வரையும் பணி சிங்கப்பூரின் சுர்பானா ஜூரோங் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பணம் வெளியிலிருந்து வரும்போது நிபுணரும், அவரது மொழியும் கூடவே வருகின்றன.

அதனால் நேரக்கூடிய இடர் ஒன்றைச் சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை காட்டிற்று. ஜெர்மானிய அரசு வங்கியின் உதவியோடு கோவளம் வடிநிலத்தில் மழைநீர் வடிகால் அமைக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. அதன் ஒரு பகுதி ஈஞ்சம்பாக்கம், உத்தண்டி முதலிய மணற்பாங்கான கரையோர இடங்களுக்கு உரியது. அங்கு வாழ்வோர் எதிர்த்தனர். இம்மணல் மழையைத் தானே உறிஞ்சிக் கிணறுகளுக்குக் கொடுக்கிறது. கொங்கிறீற்று வடிகால் அந்நீரைக் கடலுக்கு அனுப்பிவிடும். பின்னர் உப்புநீர் உள்ளே புகும் என்பது அவர்கள் வாதம். வழக்குத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அப்பகுதி வேலையும் தடைப்பட்டது. நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளிக் கரைகளும் அத்தகைய மணற்கரைகளே. இங்கும் கிணற்று நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. இதை அறியாது வடிகான் வெட்டுபவர் மாசைத் தடுக்கும் பெயரால் கிணற்றைக் கெடுத்துவிடுவர்.

காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இப்பகுதியின் மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் தை வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு வருவது. உல்லாசப் பயணிகள் வருவதோ சித்திரை முதல் புரட்டாதி வரை, கடல் அமைதியாயிருக்கும் கோடையில். நிபுணர்களும் அக்காலத்திலேயே வந்தால், அவர்கள் காண்பது நீலக்கடலும் வறண்ட வடிகானுமே. ஆனால் கோடை முழுவதும் வீதியில் சேர்ந்த அழுக்கை முதல் மழையே பெருமளவு வாரிச் செல்கிறது. அம்மழையின் முதல் ஒரு மணி நேரத்தை அளக்காத ஆய்வு, நோயாளி உறங்கும்போது நாடி பார்த்துவிட்டுக் காய்ச்சலின் காரணத்தைச் சொல்வது போன்றதாகும்.

ஆதலின் எந்தச் சபையாயினும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் சிலவற்றை வற்புறுத்தல் நன்று. முதலாவது, ஆய்வு ஒரு முழு மாரியையேனும் கண்டிருத்தல் வேண்டும். இரண்டாவது, அளவீடுகள் யாவும் சபையின் உடைமையாகத் தமிழிலும் சிங்களத்திலும் ஊரில் தங்கவேண்டும். சுற்றாடல் தாக்க அறிக்கையின்மீது பொதுமக்கள் கருத்துரைக்கச் சட்டம் 30 நாள் அளிக்கிறது. வாசிக்கவியலாத மொழியிலுள்ள அறிக்கைக்கு முந்நூறு நாள் கொடுத்தும் பயனென்ன? மூன்றாவது, திட்டத்தை வரைபவரே அது வெற்றியெனச் சான்று பகர்பவராதல் கூடாது. கட்டடச் செலவு பெருகப் பெருக அவருடைய ஊதியமும் பெருகும் ஏற்பாடு சீமெந்தையே வளர்க்கும். நான்காவது, நிபுணரோடு உள்ளூர் இளைஞர் இருவரேனும் தொடக்கம் முதல் முடிவு வரை உடனிருந்து தொழிலைக் கற்கவேண்டும். அவர் விமானமேறிய பின் அடுத்த மாரியை அளக்கவேண்டியவர்கள் அவர்கள்தாம்.

இதில் ஆசிரியருக்கும் மாணவருக்கும் பங்குண்டா எனக் கேட்கலாம். நிச்சயம் உண்டு. இத்தாலியப் பாதிரியாரும் வானியலாளருமான அஞ்சலோ செக்கி 1865இல் வெண்தட்டொன்றைக் கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் கொண்டு நீரின் தெளிவை அளந்தார். கறுப்பு வெள்ளை தீட்டிய அத்தகைய தட்டை நீரியலார் இன்றும் பயன்படுத்துகின்றனர். பாடசாலை மாணவர் ஒரு பிற்பகலில் அதைச் செய்துகொள்ளலாம். கோடையில் ஊரின் வடிகான்களைச் சுற்றிவரலாம். மழையில்லா நாளில் நீரோடும் வடிகான் எதுவோ, அதில் கழிவு கலக்கிறதா என்று தேடத் தொடங்கலாம். வெளிநாட்டு நிறுவனங்களும் இதே சோதனையையே முதலில் செய்கின்றன.

உள்ளூர் அறிவே போதும் என்று நான் சொல்லவில்லை. நீரிலுள்ள பொஸ்பேற்றையும் கிருமியையும் வெறுங்கண்ணால் காணமுடியாது. அதற்கு ஆய்வுகூடமும் வல்லுநரும் இன்றியமையாதவர்கள். ஆனால் அறிவைக் கூலிக்குப் பெறுவதுபோலப் பொறுப்பைப் பெற இயலாது. வரும் ஐப்பசியில் முதல் மழை பெய்யும்போது, இறக்கக்கண்டிப் பாலத்தடியில் யாரேனும் ஒருவர் போத்தலும் குறிப்பேடும் ஏந்தி நிற்பாராயின், அவ்வூர் தன் கணக்கைத் தானே எழுதத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். அதன்பின் எத்தனை நிபுணர் வந்தாலும் நன்மையே.