குனிஞ்ச முதுகுக்குப் பிலாட்டிஸ்

தேனி மாவட்டம் தேவாரத்துல 45 வயசு அக்கா ஒருத்தங்ககிட்ட உடற்பயிற்சி செய்யுங்கன்னு சொன்னா என்ன பதில் வரும்? "விடியுமுன்னே ஜீப் ஏறிப் போயி, பொழுதுக்கும் ஏலத்தோட்டத்துல குனிஞ்சு கெடக்கேன். எனக்கெதுக்கு தனியா எக்சசைஸ்?" நியாயமான கேள்வி. இந்த வீடியோ முழுக்க அதுக்குப் பதில்தான்.

ஏலச்செடியில காய் கைக்கெட்டுற உயரத்துல காய்க்காது. தூர்ல இருந்து சரம் கெளம்பித் தரைக்குப் பக்கத்துலயே காய்க்கும். அதையும் மொத்தமா உருவ முடியாது. வெளஞ்ச காயை மட்டும் ஒண்ணொண்ணாப் பார்த்து எடுக்கணும், பிஞ்சை அடுத்த எடுப்புக்கு விட்டுரணும். ஆவணியில ஆரம்பிச்சா தை வரைக்கும் இதே வேலை. மலை மேல கேரளாவுல இருக்கிற தோட்டத்துக்குப் போக வர ஜீப் குலுக்கல் வேற. சாக்கலூத்து மெட்டுக்கு நேர் ரோடு போடச் சொல்லி ஊரே பல வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கு. அது இல்லாததால போடிமெட்டு, கம்பம்மெட்டுன்னு சுத்திப் போகவேண்டியிருக்கு.

இந்த உழைப்பு வீண் இல்லீங்க. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைஞ்சது 150 நிமிஷம் உடம்பு அசையணும்னு சொல்லுது. உங்களுக்கு அது ஒரே நாள்ல முடிஞ்சுரும். ஆனா அசைவெல்லாம் ஒரே பக்கமா, முன்னாடி மட்டுமே நடக்குது. அதுதான் சிக்கல்.

நெடுநேரம் நல்லாக் குனிஞ்சே இருந்தா முதுகுத் தசை ஒரு கட்டத்துல பாரத்தைப் பிடிக்கிறதை விட்டுரும். பாரம் பூரா எலும்பைக் கட்டியிருக்கிற தசைநார் மேலயும், நடுவுல இருக்கிற ஜவ்வு மேலயும் இறங்கும். தசைநார் மெல்ல இழுபடும். நிமிந்த உடனே அது பழைய நிலைக்கு வந்துராது, நேரம் எடுக்கும். அந்த நேரம் பார்த்துப் பச்சைக்காய் மூட்டையைத் தூக்குனா, இடுப்பு பிடிச்சுக்கும். அதனால மூட்டை தூக்குறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம் நிமிந்து நில்லுங்க, நாலு எட்டு நடங்க. செலவில்லாத வைத்தியம் இது.

இதோட வயசும் சேருது. நம்ம நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு சராசரியா 46, 47 வயசுல நிக்குது. ஈஸ்ட்ரோஜன் கொறைஞ்சதும் எலும்பு வேகமாத் தேயுது. தசை வலுவும் வயசோட கொறைஞ்சுக்கிட்டே வருது.

பிலாட்டிஸ்ங்கிற உடற்பயிற்சி முறை இங்கதான் வருது. அதை உருவாக்கின ஜோசப் பிலாட்டிஸ் 1883ல ஜெர்மனியில பொறந்தவர், சின்ன வயசுல நோஞ்சான். முதல் உலகப்போர் சமயம் இங்கிலாந்துல இருந்ததால, எதிரி நாட்டுக்காரர்னு மான் தீவு முகாம்ல அடைச்சு வச்சாங்க. அந்த முகாம் நாட்கள்ல இந்த முறையை வளர்த்தார். 1926ல நியூயார்க் போய் அங்க பயிற்சிக்கூடம் நடத்தினார். சினிமாக்காரங்க மெஷின்ல படுத்துச் செய்யற வீடியோவைப் பார்த்துட்டு, இது பணக்காரங்க சமாச்சாரம்னு ஒதுக்கிராதீங்க. 1945ல அவர் போட்ட புத்தகத்துல இருக்கிற 34 பயிற்சிக்கும் தரையில ஒரு பாய் விரிச்சாப் போதும்.

இதுல முக்கியமாப் பழக்குறது உள்தசைகளை. மேல மூச்சுத்தசை, சுத்தி அடிவயித்துத் தசை, பின்னால முதுகெலும்பை ஒட்டின தசை, கீழ இடுப்புத்தளத் தசை. வேலைக்குப் போறப்ப இடுப்புல துண்டை இறுக்கிக் கட்டுறீங்கல்ல, அதே மாதிரி உள்ளுக்குள்ள இருக்கிற கட்டுதான் இந்தத் தசைங்க.

இடுப்புத்தளத் தசையைப் பத்தி வெளிப்படையாப் பேசணும். இருமுனா, தும்முனா, பாரம் தூக்குனா ஒண்ணுக்குச் சொட்டுறது பல பேருக்கு இருக்கு. மககிட்டகூடச் சொல்றதில்ல. தோட்டத்துல ஒதுங்க இடம் கிடைக்காதுன்னு தண்ணி குடிக்காமலே நாளைக் கழிக்கிறாங்க. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, விதின்னு விடவும் வேணாம். டாக்டர்கள் முதல்ல சொல்ற சிகிச்சையே அந்தத் தசைக்கான பயிற்சிதான்.

செஞ்சு பார்ப்போம். மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்க. மூக்கால மூச்சை இழுங்க, விலா ரெண்டு பக்கமும் விரியட்டும். வாயால மெதுவா விடுங்க. விடும்போதே ஒண்ணுக்கை அடக்குற மாதிரி கீழ்த்தசையை உள்ளே இழுங்க, தொப்புளுக்குக் கீழேயும் லேசா இழுங்க. அடுத்த மூச்சு எடுக்கும்போது தளர்த்துங்க. நிஜமா ஒண்ணுக்குப் போகும்போது நடுவுல நிறுத்திப் பழகாதீங்க, அது தப்பு.

இது கைவந்ததும், மூச்சை விட்டுக்கிட்டே இடுப்பை மேல தூக்குங்க. தோள்ல இருந்து முழங்கால் வரைக்கும் ஒரே கோடா நிக்கணும். பின்பக்கத் தசை இறுகணும், முதுகு வலிக்கக் கூடாது. எறங்கும்போது தொப்புன்னு விழாம மெதுவா எறங்குங்க. 8 தடவை போதும். அப்புறம் குப்புறப் படுத்து நெஞ்சை லேசாத் தூக்கி எறக்குங்க. நாளெல்லாம் குனிஞ்ச முதுகுக்கு இதுதான் எதிர் அசைவு. வாரத்துல 3 நாள், 15 நிமிஷம்.

ஒரு எச்சரிக்கை. படுத்த நிலையில இருந்து உருண்டு எந்திரிச்சுக் கால் விரலைத் தொடற பயிற்சியும் அந்தப் புத்தகத்துல உண்டு. எலும்புத் தேய்மானம் இருக்கிறவங்க அதைச் செய்யவே கூடாது, முதுகெலும்பு நசுங்கி உடையலாம். பொழுதுக்கும் குனிஞ்சு வர்ற மத்தவங்களுக்கும் அது வேணாம்னுதான் நான் சொல்லுவேன்.

இடுப்பு வலிக்குப் பிலாட்டிஸ் உதவுதான்னு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு 2015ல வந்துச்சு. சும்மா இருக்கிறதை விட இதுல வலி கொறையுது, மத்த பயிற்சிகளை விட ஒசத்தின்னு நிரூபணம் இல்லைன்னு சொல்லுச்சு. அதனால யோகா செய்றவங்க அதையே தொடரலாம்.

தமிழக அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோதெரபியும் இருக்கு. பிசியோதெரபி செய்றவங்க ஊருக்கு வர்றப்ப கேளுங்க, செய்யறது சரியான்னு அவங்க முன்னாடி செஞ்சு காட்டுங்க. கால் மரத்துப்போறது, உட்கார்ற இடத்துல உணர்ச்சி இல்லாமப் போறது, திடீர்னு ஒண்ணுக்கு அடக்க முடியாமலோ வெளிய வராமலோ போறது, இதுல எது வந்தாலும் பயிற்சியை விட்டுட்டு அன்னைக்கே தேனி க.விலக்கு அரசு மருத்துவமனைக்குப் போயிருங்க.