குழந்தையை எங்கே விட்டுச் செல்வது?

பேறுகால விடுப்பு முடியும் நாள் நெருங்க நெருங்க, உத்தியோகத்திலிருக்கும் தாயின் மனத்தில் ஒரு கவலை வளர்ந்துகொண்டே வரும். நாம் வேலைக்குச் சென்றபின் குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்பதே அக்கவலை. திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ இருந்தால் வீட்டில் பாட்டி இருப்பாள். அடுத்த தெருவில் அத்தையோ சித்தியோ இருப்பாள். பிழைப்பை நாடி மும்பைக்கு வந்து, தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய நம்மவர் பலருக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆகவே, பிள்ளை பிறந்ததும் உத்தியோகத்தை விட்டுவிடும் பெண்கள் இன்றும் பலர் இருக்கின்றனர். வேண்டியா விடுகின்றனர்? வேறு வழி தெரியாமல் விடுகின்றனர். அவ்வழியைப் பற்றியே இங்கு ஆராய விரும்புகிறோம்.

குழந்தையைப் பார்த்துக்கொள்வது யார் என்ற கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். எங்கே வைத்துப் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை அந்த அளவுக்கு எண்ணிப் பார்ப்பதில்லை. சொந்த வாகனம் உள்ளவருக்கு அது சிறிய கேள்வியே. வாகனம் ஓட்டத் தெரியாது, அல்லது வாகனமே கிடையாது, ரயிலையும் பேருந்தையும் கால்நடையையும் நம்பியே வாழ்கிறோம் என்பவருக்கோ அதுதான் முதற்கேள்வி. மும்பையில் நம்மவருள் பெரும்பாலோர் அத்தகையவரே.

முதலில், சட்டம் நமக்குத் தந்திருப்பது என்ன என்பதைப் பார்ப்போம். பேறுகால உதவிக்கென இந்தியாவிலேயே முதன்முதலாகச் சட்டம் இயற்றியது பம்பாய் மாகாணம். 1928-இல் அம்மாகாணச் சட்டமன்றத்தில் அதற்கான மசோதாவை ஆதரித்து டாக்டர் அம்பேத்கர் பேசினார். 1929-இல் அது சட்டமாயிற்று. நாடு முழுமைக்குமான சட்டம் 1961-இல் பிறந்தது. 2017-இல் அது திருத்தப்பெற்று, முதலிரு குழந்தைகளுக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்ந்தது. 50 பேரோ அதற்கு மேற்பட்டவரோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைக் காப்பக வசதி செய்து தரவேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்குச் சென்று குழந்தையைக் கண்டுவர அனுமதிக்கவேண்டும் என்றும் விதி ஏற்பட்டது. இவ்விதிகள் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடங்கியுள்ளன. அத்தொகுப்பு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது.

இந்த 26 வாரங்களைக் கணக்கிட்டுச் செலவிடுதல் நன்று. பிரசவத்திற்கு முன்னரே எட்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு எட்டு வாரமும் எடுத்துவிட்டால், பிறந்தபின் 18 வாரமே எஞ்சும். குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போதே தாய் வேலைக்குத் திரும்ப நேரும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்று மருத்துவர் கூறுகின்றனர். உடல்நிலை இடங்கொடுத்து மருத்துவரும் இசைவாராயின், முன் விடுப்பைக் குறைத்துப் பின் விடுப்பை நீட்டிக்கொள்வது குழந்தைக்கு நலம் தரும். குழைத்த சோறும் பருப்பும் உண்ணத் தொடங்கிய குழந்தையைப் பிறரிடம் ஒப்படைப்பதும் எளிது.

இனி, எங்கே என்னும் கேள்விக்கு வருவோம். அலுவலகத்திலேயே காப்பகம் இருக்குமானால் அதைவிட வேறென்ன வேண்டும் என்று தோன்றும். நடந்து செல்லும் தொலைவில் பணியிடம் உள்ளவருக்கு அது உண்மையே. ஆனால் செம்பூரிலிருந்து துறைமுக மார்க்கத்து ரயிலில் கோட்டைப் பகுதிக்குச் செல்லும் தாயை நினைத்துப் பாருங்கள். காலை எட்டரை மணிக்குப் பெண்கள் பெட்டியில் கால் வைக்கவும் இடம் இராது. அந்த நெரிசலில் ஆறு மாதக் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, தோளில் பையும் தொங்க, நாள்தோறும் ஏறி இறங்குதல் இயலுமா? குழந்தையை அழைத்துச் செல்வது தந்தையாயின் பெண்கள் பெட்டியும் கிடையாது. வாடகைக் காரில் போய்வரலாம் என்றால், சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும்.

வீட்டருகே காப்பகத்தை அமைத்துக்கொள்ள மற்றொரு காரணமும் உண்டு. அதை இந்நகரத்தின் மழையே நமக்குக் கற்பித்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அதே நாளில் நகரின் தென்முனையான கொலாபாவில் பெய்தது 73 மில்லிமீட்டர் மட்டுமே. கோட்டைப் பகுதியில் பணியிலிருந்தோர், வடக்கே தங்கள் வீடுகள் நீரில் மூழ்குவதை அறியாமலே மாலை வரை வேலை பார்த்தனர். அதன்பின் ரயில் நின்றது, பேருந்து நின்றது, தொலைபேசியும் பல இடங்களில் ஓய்ந்தது. தாராவியை ஒட்டி ஓடும் மித்தி ஆறு கரைபுரண்டது. பல்லாயிரவர் இரவு முழுவதும் அலுவலகங்களிலும் நிலையங்களிலும் தங்கினர். பலர் இடுப்பளவு நீரில் நடந்தே வீடு சேர்ந்தனர்.

அத்தகைய இரவில் குழந்தை யாரிடம் இருக்கிறது என்பதே தாய் தந்தையரின் ஒரே கவலையாக இருக்கும். வீட்டிற்குப் பக்கத்தில், தெரிந்தவர் நடந்து சென்று தூக்கிவரக்கூடிய இடத்தில் இருந்தால், தாய் எங்கே சிக்கிக்கொண்டாலும் குழந்தை பசியாறி உறங்கும். ஆகையால் நாம் கூறுவது இதுவே: குழந்தைக் காப்பகம் அலுவலகத்தின் பக்கத்தில் வேண்டாம், வீட்டின் பக்கத்தில் இருக்கட்டும். அதிலும், வீட்டிலிருந்து ரயில் நிலையம் செல்லும் வழியிலேயே இருந்தால் மிகவும் சிறப்பு.

எவ்வளவு பக்கம் என்று கேட்கலாம். குழந்தையை இடுப்பில் ஏந்தி, மறு கையில் குடைபிடித்து, மழையில் பத்து நிமிடத்திற்குள் நடந்து சேரவேண்டும் என்பதே நல்ல அளவு. கோடையில் நடந்து பார்த்து இடத்தை முடிவு செய்துவிட்டு, ஆனி ஆடியில் முழங்கால் நீரைக் கண்டு திகைப்பவர் உண்டு. கிங்ஸ் சர்க்கிள், சயான், குர்லா ஆகிய தாழ்ந்த பகுதிகளில் ஆண்டுதோறும் நீர் தேங்குவதை நாம் அறிவோம். எனவே, இடையில் தாழ்ந்த சாலையோ சுரங்கப்பாதையோ குறுக்கிடாத வழியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். செம்பூரில் ஆட்டோரிக்ஷா கிடைக்கும். மாட்டுங்காவில் அது ஓட அனுமதியில்லை, டாக்ஸியே கதி. அருகிலுள்ள இடத்திற்கு வர டாக்ஸிக்காரர் இசைவதும் அரிது. ஆதலால் ஓர் அவசரத்திற்கு ஊர்தி கிடைக்கும் என்ற எண்ணத்தில் தொலைவான இடத்தை ஏற்க வேண்டாம்.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். எட்டு மணி நேர வேலை, உணவு இடைவேளை அரைமணி, போகவும் வரவும் முக்கால் மணி வீதம் ஒன்றரை மணி. ஆகமொத்தம் பத்து மணி நேரம் குழந்தையைப் பிரிந்திருக்கிறோம். ரயில் தாமதமானால் இன்னும் அரைமணி கூடும். மாலை ஆறு மணிக்குக் கதவடைக்கும் காப்பகம், ஆறு மணிக்கு அலுவலகம் விட்டுப் புறப்படும் தாய்க்கு எவ்வாறு உதவும்?

இப்போது கிடைக்கக்கூடிய ஏற்பாடுகளைப் பார்ப்போம். மராத்தி பேசுவோர் பாளணாகர் என்பர். தொட்டில் வீடு என்பது பொருள். ஒரு பெண்மணி தம் வீட்டிலேயே நாலைந்து குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்வது இதன் வழக்கமான வடிவம். பெரிய குடியிருப்புகளில் பலர் சேர்ந்து நடத்தும் காப்பகங்களும் உண்டு. இவற்றைத் தவிர அரசின் அங்கன்வாடிகள் உள்ளன. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட 33 இடங்களுள் தாராவியும் ஒன்று. அங்கன்வாடியில் ஊட்டமும் முன்பள்ளிக் கல்வியும் கிடைக்கும். ஆனால் அது சில மணி நேரமே நடைபெறும். நாள் முழுதும் குழந்தையைக் காக்கும் பொருட்டு 2022 முதல் பால்னா என்னும் மத்திய அரசுத் திட்டம் நடைபெற்று வருகிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, மாதம் 26 நாள், நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் என்பது அதன் வரையறை. அதுவும் நாம் மேலே கண்ட பத்து மணி நேரத்திற்குப் போதாது. எஞ்சிய இரண்டரை மணிக்கு வேறு ஒருவர் துணை வேண்டும்.

விடுப்பும் ஊதியமும் இல்லாத தாய்மாரை இங்கு மறத்தலாகாது. வீட்டுவேலைக்குச் செல்வோர், தையல் வேலை செய்வோர், விடியலில் இட்லி அவித்து நகரெங்கும் அனுப்புவோர் எனத் தாராவியில் எத்தனையோ பேர். கட்டட வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்காக 1969-இல் தில்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் காப்பகம் 1972-இல் இந்நகருக்கும் வந்தது. வேலை நடக்கும் இடத்திலேயே காப்பகம் என்பது அதன் முறை. ரயிலேறாமல் பணியிடத்திலேயே தங்கி வாழும் தாய்க்கு அதுவே பொருந்தும். குழந்தை இருக்குமிடம் நடந்து சேரும் தொலைவில் இருக்கவேண்டும் என்பதே இரண்டிடத்தும் நியதி.

காப்பகத்தைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு முறையேனும் முன்னறிவிப்பின்றிச் சென்று பாருங்கள். நடுப்பகல் நேரம் உகந்தது. அப்போதுதான் ஊட்டுவதும் உறங்க வைப்பதும் தெரியும். ஒருவர் பொறுப்பில் எத்தனை குழந்தைகள்? கதவுக்குத் தாழ் உண்டா, சன்னலுக்குக் கம்பி உண்டா, மாடிப்படிக்குத் தடுப்பு உண்டா? குடிநீரைக் காய்ச்சுகிறார்களா? காய்ச்சல் வந்த குழந்தையை என்ன செய்கிறார்கள்? குழந்தையை அழைத்துச் செல்ல வருபவர் யாரென்று விசாரிக்கிறார்களா? இக்கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்கவேண்டும். முகம் சுளிப்பவரிடம் குழந்தையை விட வேண்டாம்.

பக்கத்து வீட்டு மாமியோ அக்காளோ பார்த்துக்கொள்வதாக ஏற்றுக்கொண்டால், ஊதியத்தை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். நம்மவரிடையே பணம் பேசுவது நட்புக்குக் குறைவென எண்ணி, பண்டிகைக்கு ஒரு புடவையோடு முடித்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. அது நீடிக்காது. பத்து மணி நேரம் குழந்தையைப் பேணுவது கடுமையான உழைப்பு. அதற்கு மாதந்தவறாமல் ஊதியமும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் தருவது முறை. ஊதியம் பெறுபவர் பொறுப்பையும் ஏற்பார்.

ஊரிலிருந்து பாட்டி வந்து இரண்டு மூன்று மாதம் தங்குவது பெரும் உதவியே. ஆயினும் பாட்டி ஊருக்குப் புறப்பட்ட மறுநாளே குழந்தையைக் காப்பகத்தில் விடுவது கூடாது. ஒரே நாளில் பாட்டியையும் தாயையும் இழந்ததாகக் குழந்தை மருளும். பாட்டி இருக்கும்போதே தொடங்கி, முதல் நாள் ஒரு மணி, மறுநாள் இரண்டு மணி என ஒரு வாரத்திற்குமேல் படிப்படியாகப் பழக்க வேண்டும். பிழிந்தெடுத்த தாய்ப்பாலைப் பாலாடையாலோ கிண்ணத்தாலோ ஊட்டவும் அப்போதே பழக்கலாம். அப்பாலைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது நலம். வெளியே நான்கு மணி நேரத்திற்குமேல் வைக்கலாகாது. மும்பை வெக்கையில் அதற்கும் முன்னதாகவே கொடுத்துவிட வேண்டும்.

இறுதியாக ஒன்று. காப்பகம் எவ்வளவு நன்றாயினும், அவசரத்திற்கு உதவும் மற்றொருவர் வேண்டும். அதே கட்டடத்திலோ அதே சாலிலோ வசிப்பவர், குழந்தைக்கு முகம் பழகியவர், நடந்து சென்று அழைத்துவரக்கூடியவர் ஒருவரை மழைக்காலம் வருமுன்னரே கேட்டு வையுங்கள். அவர் பெயரைக் காப்பகத்தில் எழுதிக்கொடுங்கள். வீட்டுச் சாவி ஒன்றும் மாற்றுடை இரண்டும் அவரிடம் இருக்கட்டும். அவருக்கு ஒரு நெருக்கடி வரும் நாளில் நீங்களும் அவ்வாறே உதவுங்கள்.

இவ்வேற்பாடுகள் தாய் ஒருத்தியின் தலையில் விழும் சுமையாக இருத்தலும் தகாது. காலையில் கொண்டுவிடுபவர் தந்தையாகவும், மாலையில் அழைத்துவருபவர் தாயாகவும் பிரித்துக்கொண்டால் இருவர் வேலையும் நிலைக்கும். ஊரில் உறவினர் செய்த உதவியை இங்கு அண்டை வீட்டார் செய்கின்றனர். அவர் தமிழராயினும் மராத்தியராயினும் குஜராத்தியராயினும், நம் குழந்தைக்கு உறவினரே ஆவார்.