சுவாசப்பையின் காவல்காரன்

எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா மகளுடன் வந்திருந்தார். நெடுநாளாகத் தொய்வு, அதாவது ஆஸ்மா. தினமும் இருவேளை எடுக்க வேண்டிய மண்ணிறப் பம்பை நிறுத்தி ஒரு மாதம். கைப்பையிலிருந்து 'அன்ரிஒக்சிடன்ற்' குளிசைப் போத்தல் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "தம்பி, இது சுவாசப்பையைச் சுத்தமாக்குமாம். பம்ப் எடுத்தால் அதுக்கே பழகிப்போகுமாம்" என்றார். பேசும்போதே மூச்சு இழுத்தது.

குளிசை விற்றவர் சொன்னது முழுப் பொய்யல்ல. சுவாசப்பைக்கு உண்மையிலேயே ஒரு காவல்காரன் இருக்கிறான்.

நாம் இழுக்கும் ஒட்சிசனில் ஒரு சிறு பங்கு, உடலுக்குள் சுப்பர் ஒட்சைட்டு என்ற முரட்டுப் பொருளாக மாறுகிறது. அது பெருகினால் கலங்களைச் சேதப்படுத்தும். இதை அடக்கும் நொதியத்தின் பெயர் சுப்பர் ஒட்சைட்டு டிஸ்மியூட்டேஸ். 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மக்கோர்ட், பிரிடோவிச் என்ற இருவர் இதன் வேலையைக் கண்டறிந்தார்கள். சுப்பர் ஒட்சைட்டை இது ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றுகிறது. அதையும் விட்டுவைக்கக் கூடாது. கற்றலேஸ் போன்ற வேறு நொதியங்கள் அதைத் தண்ணீராக்கிவிடும். இந்தக் காவல்காரனில் மூன்று வகை உண்டு. இரண்டு கலத்துக்குள் இருக்கும். மூன்றாவது கலத்துக்கு வெளியே, சுவாசப்பையிலும் இரத்தக்குழாய்ச் சுவர்களிலும் மிகுந்து காணப்படும்.

சிகரட், சுருட்டு, டீசல் புகை எல்லாம் இந்தக் காவலுக்கு மிஞ்சிய சுமையை ஏற்றுகின்றன. விறகடுப்பும் அப்படித்தான். ஊரில் குழலால் அடுப்பூதிய நம் அம்மாமார் சிலருக்கு, ஒருநாளும் புகைபிடிக்காமலே சுவாசப்பை கெட்டிருப்பதன் காரணம் இதுவே. லண்டன் வீதிப் புகையையும் சிறிதாக எண்ண வேண்டாம். லூயிஷாமில் சவுத் சேர்க்குலர் வீதிக்கு அருகில் வாழ்ந்த ஒன்பது வயதுச் சிறுமி எலா அடூ கிசி டெப்ரா 2013இல் கடும் ஆஸ்மாவால் இறந்தார். அவரின் மரணத்துக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

ஆஸ்மாவில் இன்னொரு சிக்கல். மூச்சுக்குழாயில் ஏற்படும் அழற்சி இந்த நொதியத்தையே முடக்கிவிடுகிறது. 1997இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்ரெரோயிட் பம்ப் எடுக்காத ஆஸ்மா நோயாளரின் மூச்சுக்குழாய்க் கலங்களில் இதன் செயற்பாடு குறைந்திருந்தது. பம்ப் எடுத்தவர்களிடம் குறையவில்லை. அந்த அம்மா நிறுத்தியது காவல்காரனுக்குத் துணை நின்ற மருந்தை.

அப்படியானால் நொதியத்தையே குளிசையாக விழுங்கினால் என்ன? அதுவும் ஒரு புரதம். மீனையும் பருப்பையும் போல வயிற்றில் செரித்துவிடும். விற்றமின் குளிசைகளோ சில வேளை தீமையே செய்யும். பின்லாந்தில் 29,133 ஆண் புகைபிடிப்பாளரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியானது. பீற்றா கரட்டீன் எடுத்தவர்களுக்குச் சுவாசப்பைப் புற்றுநோய் 18 வீதம் கூடியிருந்தது! கரட்டையும் கீரையையும் தாராளமாகச் சாப்பிடுங்கள். குளிசை வேறு விஷயம்.

நீலப் பம்ப் மட்டும் வைத்திருக்கும் ஆஸ்மாக்காரர்களும் கவனியுங்கள். அது மூச்சுக்குழாயை விரிக்கும்; அழற்சியைக் குறைக்காது. ஸ்ரெரோயிட் மருந்து இல்லாமல் அதை மட்டும் கொடுக்கக் கூடாது என்பது 2024 நவம்பரில் வெளிவந்த பிரித்தானிய வழிகாட்டி. உங்கள் ஜிபியிடமோ ஆஸ்மா தாதியிடமோ கேளுங்கள்.

அந்த அம்மாவிடம் மெதுவாக விசாரித்தபோதுதான் உண்மைக் காரணம் வெளிவந்தது. பம்ப் எடுத்தால் வாய் அவிந்து, குரலும் அடைக்கிறதாம். கோயிலில் தேவாரம் பாட முடியவில்லையாம். ஸ்பேசர் குழாய் ஒன்று கொடுத்து, ஒவ்வொரு முறையும் பம்ப் எடுத்தபின் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். ஆறு வாரத்தில் வந்து காட்டச் சொல்லியிருக்கிறேன்.